மகளின்ர கலியாணத்துக்குப் போன கவசக் குதிரைப்படை

ஜேர்மனியில, ஹம் நகரத்தில இருபது வருசமாப் பழுதான கார் இழுக்கிறதுதான் என்ர தொழில். மஞ்சள் லொறி, முன்னுக்கு மூண்டு பேர் இருக்கலாம். மகளின்ர கலியாணத்தண்டு மட்டும் அந்த லொறியைத் தொடுறதில்லை எண்டு நினைச்சிருந்தன். கெடுத்தவர் மெல்பேணில இருந்து வந்த மச்சான், மனுசியின்ர தம்பி.

அவர் அவுஸ்திரேலிய ராணுவத்தில கவசக் குதிரைப்படை ஸ்குவாட்ரன் ஒண்டில இருந்தவர். குதிரை எங்க எண்டு கேட்டன். "குதிரை இல்லை அத்தான், எட்டுச் சில்லுக் கவச வண்டி" எண்டு சொல்லிச் சாப்பாட்டு மேசையில திட்டம் கீறின பேப்பரை விரிச்சார். கலியாணம் கொலோனுக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில. முகூர்த்தம் பத்திலயிருந்து பதினொண்டு. போற ஓட்டோபான் பெருந்தெருவில எப்பவும் நெரிசல். மனுசி பயந்துபோய்ப் பயணத்தைத் தம்பியிட்டையே குடுத்திட்டா.

"வேவு பார்க்க மூண்டு ட்ரூப், மூண்டு சின்னக் கூட்டம், முன்னுக்கு. நடுவில தலைமை வண்டி, அதில கலியாணப் பொம்பிளை. பிறகு அம்புலன்ஸ், திருத்துற வண்டி. கடைசியில பழுதானதை இழுக்கிற வண்டி. ஒவ்வொண்டிலயும் ஒரு கொமாண்டர், ஒரு சாரதி, ஒரு சுடுறவர்."

"கலியாணத்தில ஆரையப்பா சுடுறது?"

"சுடுறவர் ரெண்டு பக்கமும் பார்க்கட்டும். எங்கட வேலை சண்டை இல்லை அத்தான். மறைஞ்சு நிண்டு பார்த்து, மேலிடத்துக்குச் சொல்லுறது."

கடவுளே! எங்கட சொந்தக்காரருக்கு அதுக்கு ஒரு பயிற்சியும் தேவையில்லை.

பிறகுதான் எனக்கு உறைச்சது. இழுக்கிற வண்டி எண்டால் என்ர லொறி. கன்னிகாதானம் குடுக்கவேண்டிய தேப்பன் நான், நான் இல்லாமல் கலியாணமே நடவாது, என்னைக் கொண்டுபோய் வாலில கட்டிப்போட்டினம்! கத்தினன். "தம்பி எங்களுக்காகத்தானே பாடுபடுறான், வாயைப் பொத்திக்கொண்டு ஓடுங்கோ" எண்டா மனுசி. அதோட விட்டாரோ? பற்றரி செத்தால் கரண்டு குடுக்கிற என்ர வயரையும் ஜக்கையும்கூட எடுத்துத் திருத்துற வண்டியில வைச்சார். ஸ்குவாட்ரனில சாமான் அங்கதான் இருக்குமாம். திருத்துற வண்டி எண்டது மனுசியின்ர சித்தப்பாவின்ர வான். அந்த மனுசனுக்கு ஒரு பல்ப் மாத்தத் தெரியாது.

விடிய ஆறரைக்கு வெளிக்கிட்டம். எல்லாரும் ஒரேயடியா ஓடக்கூடாதாம். ஒரு கூட்டம் நிண்டு பார்க்க, மற்றக் கூட்டம் ஓடவேணுமாம். ஓட்டோபானில நிக்கேலுமே? அதால வழியில வந்த ஓய்விடமெல்லாம் நிண்டம். முதல் ட்ரூப் என்ர தம்பி. எட்டு மணிக்கே மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்து அறிக்கை அனுப்பத் தொடங்கிட்டான். "மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர். ரெண்டு பேர் தேத்தண்ணி குடிக்கினம். ஒராள் கேக்காமல் வடை எடுத்திட்டார்."

கொலோனுக்கு நாப்பது நிமிசம் இருக்க, ஒரு ஓய்விடத்தில தலைமை வானும் என்ர லொறியும் நிண்டுது. நிண்டுது, நிண்டுகொண்டே இருந்துது. இறங்கிப் போய் வான் கண்ணாடியில தட்டினன்.

"ஏன் நிக்கிறம்?"

"முன்னுக்கு நிக்கிற ஆக்கள் வழி சரி எண்டு சொல்லேல்லை அத்தான்."

சித்தப்பாவுக்குப் போன் அடிச்சன். அவரின்ர வானையும் மச்சான் முன்னுக்கு ஓடவிட்டிருந்தார், அவை அடுத்த ஓய்விடத்தில நிண்டினம். "நாங்கள் உங்கட ஓடருக்குத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறம், மகன். அவசரமில்லை, வடை சாப்பிடுறம்."

எனக்கு வந்த விசர் கொஞ்சநஞ்சமில்லை. எடடா வானை எண்டு கத்தினன். மச்சான் திறப்பைத் திருப்பினார். வான் ஒருக்கா இருமிப்போட்டுச் செத்துப்போச்சு. முக்கால் மணித்தியாலமா லைட்டையும் போட்டு, நாலு போனையும் சார்ஜில விட்டிருந்தால் பற்றரி என்ன செய்யும்? என்ர வயரோ அடுத்த ஓய்விடத்தில வடை சாப்பிடுது. மணி ஒம்பதரை. வானை லொறியில கொழுவி இழுக்கவும் நேரமில்லை.

மகள் வானால இறங்கினா. பட்டுச் சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வந்து லொறியில ஏறினா. "அம்மா, ஏறுங்கோ. அப்பா, எடுங்கோ."

"அத்தான், தலைமையை விட்டிட்டுப் போகக்கூடாது!" எண்டு மச்சான் பின்னால ஓடி வந்தார்.

"தலைமை நடந்து வரட்டும்!" எண்டு சொல்லி எடுத்தன்.

மண்டப வாசலில என்ர தம்பி கையைக் காட்டி மறிச்சான். "அண்ணை, நீங்கள் கடைசியாத்தான் வரவேணும். ஒழுங்கு குழம்பிப்போகும்."

"உள்ளுக்குப் பொம்பிளை இருக்குதடா, மடையா!"

எட்டிப் பார்த்தான். பார்த்திட்டு கேற்றைத் திறந்தானோ? முதல் போனைத் தூக்கி அறிக்கை சொன்னான். "மஞ்சள் லொறி ஒண்டு. உள்ளுக்கு மூண்டு பேர். பொம்பிளை அழேல்லை."

பதினொண்டுக்குப் பத்து நிமிசம் இருக்க, மகளின்ர கையைப் பிடிச்சு மாப்பிள்ளையின்ர கையில குடுத்தன். அழுதது நான்தான்.

பந்தி நடக்கேக்க மச்சான் வந்து சேர்ந்தார். சேட்டெல்லாம் வேர்வை. "ஒருத்தரும் துலையேல்லைத்தானே, அத்தான்?" எண்டு கேட்டார். கேட்ட விதத்தில என்ர கோவமெல்லாம் போட்டுது. "இல்லையடா, எல்லாரும் வந்திட்டினம். இருந்து சாப்பிடு" எண்டன்.

பின்னேரம் மகள் மாப்பிள்ளையின்ர காரில வெளிக்கிட்டா. சொந்தக்காரரின்ர கார் எல்லாம் பின்னால போச்சுது. எனக்கு ஆரும் ஓடர் தரேல்லை. நானாத்தான் லொறியை எடுத்துக் கடைசியில போனன். மற்றவை ஒவ்வொருத்தராத் தங்கட வழியில திரும்பிட்டினம், நான் விடேல்லை. எங்கயாவது அந்தக் கார் நிண்டால் இழுத்துக்கொண்டு வீட்டை வந்திடலாம் எண்டு ஒரு நினைப்பு. நல்ல கார். நிக்கவேயில்லை.