டீலியா வீட்டுச் சாவி

டீலியா வீட்டுச் சமையலறையில் கெட்டில் விசிலடித்தபோது, எங்கள் ஊர்ப் பாழடைந்த தேவாலயத்தின் சாவியைத் திருப்பித் தர ஒரு சுற்றுலாப் பயணி வந்தார். அந்தச் சாவி முப்பது வருடமாக டீலியாவிடம்தான் இருக்கிறது. ஆனால் அவள் மட்டும் அங்கே போனதில்லை. ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த அவள் குழந்தையை, கணவன் கோல்மன் தேவாலயச் சுற்றுச்சுவரின் உள்ளோரம்தான் புதைத்தான். அதன்பின் அதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. மறந்துவிட்டான் என்றே நினைத்திருந்தாள்.

"பூட்டு மக்கர் பண்ணுச்சா?"

"இல்லம்மா. உள்ள ஒரு பெரியவர், சின்னக் கல்லுக்குப் பூ வச்சிட்டிருந்தார். தினமும் சுவரேறிக் குதிச்சு வராராம், இந்த வயசுல. சாவி கேட்டா பொண்டாட்டி அழுவாளாம்."

டீலியா சாவியை வாங்கிக்கொண்டாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவனை இன்றுதான் பார்ப்பதுபோல் இருந்தது.

பயணி விடைபெற்றுப் போனார். அவள் மெல்லக் கதவைச் சாத்திவிட்டு, கோல்மன் கண்ணில் படும்படி சாவியை மேசைமேல் வைத்தாள்.