கடைசி வரிசையில் அண்ணன்

என் ஃபிலிம் கேமரா ஓரளவு புதியது. ஃபிலிமைத் தானே நகர்த்தும், முடிந்ததும் தானே சுற்றிக்கொள்ளும். அதில் நான் மாட்டியிருக்கும் லென்ஸுக்கு என்னைவிட வயது அதிகம். ஈப்போ ஞாயிற்றுச் சந்தையில் வாங்கியது. லென்ஸின் துளையை முழுதாகத் திறந்துவைத்து முகத்தைத் தெளிவாக்க வேண்டும். பிறகு கையாலேயே துளையைச் சுருக்கிவிட்டு அழுத்த வேண்டும். சுருக்க மறந்தால் முன்வரிசை மட்டும் தெளிவாக விழும்.

“போன்ல எடுத்தா முடிஞ்சிச்சி லா, எதுக்கு இந்தப் பாடு?” என்பார் அம்மா. நான் கேட்டால்தானே!

எங்கள் பழைய தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். ஆனாலும் கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் வந்துவிடுவோம். சாப்பாடு முடிந்ததும் பந்தலுக்குள் குடும்பப் படம் எடுப்பது வழக்கம். போன ஆண்டு, “யாரும் போனை நீட்டக் கூடாது, என்னை மட்டும் பாருங்க” என்று அதட்டிவிட்டு, முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவின் முகத்தைத் தெளிவாக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அண்ணன் வந்து கடைசி வரிசையில் நின்றார். அப்பாவிடம் கேட்காமல் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு தஞ்சோங் மாலிமுக்குக் குடிபோனவர். ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அம்மாவும் அப்பாவுக்குப் பயந்து, அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் மகனிடம் போனில் பேசுவார்.

அண்ணன் மனம் மாறிப் போய்விடுவாரோ என்று சட்டென்று அழுத்திவிட்டேன். அதுதான் ரோலின் கடைசிப் படம். கேமரா விர்ரென்று சுற்றிக்கொண்டது. துளையைச் சுருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேறு ரோல் எடுக்கக் கேமராப் பையை நோக்கி ஓடினேன். திரும்புவதற்குள் அண்ணனின் கார் கிளம்பிவிட்டது.

பத்து நாள் கழித்துப் படம் வந்தது. அப்பாவின் மீசை நரை வரைக்கும் தெளிவு. அண்ணனுக்குக் கண் எது, மூக்கு எது என்றே தெரியவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. திட்டு வாங்கத் தயாராகத்தான் அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா திட்டவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் போனை எடுத்தார். எதிரே அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னாலேயே அண்ணனைக் கூப்பிட்டார்.

“உன் மூஞ்சி சரியா விழலடா. தீபாவளிக்கு வந்துரு, மறுபடி எடுக்கணும்.”

அப்பா பேப்பரைத் தாழ்த்தாமலே சொன்னார்:

“பின்னால போய் ஒளிஞ்சிக்காம, எம்பக்கத்துல வந்து நிக்கச் சொல்லு.”