மாரியாயியின் தேதி

1. பிரட்டுக் களம்

எஸ்டேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் கூட்டம், பிறகு சத்தம், பிறகு யூனியன் லீடர், கடைசியில் டீ. என் சர்வீஸ் முழுக்க இந்த வரிசை மாறியதில்லை. அன்று காலை மாறியது.

தேயிலை விலை தரைக்கு வந்துவிட்ட காலம். கீழ் கோத்தகிரிச் சரிவில் எங்கள் எஸ்டேட். நான் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட். கம்ப்யூட்டர் அறையும் என் தலையில்தான். ஐம்பத்தெட்டு வயது முடிந்தவர்களின் பட்டியலைக் கம்ப்யூட்டர் மாதாமாதம் தானே எடுத்துத் தரும். வழக்கமாக ஒன்றிரண்டு பேர் வரும். அந்த மாதம் மேட்டு லயத்தில், அதாவது மேட்டிலிருந்த தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மேனேஜர் என்னைக் கேட்காமலே அதைப் பிரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கும் இடத்தில், ஒட்டச் சொல்லிவிட்டார். சனிக்கிழமையோடு ஓய்வு, லய வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

யாரும் கத்தவில்லை. பனிமூட்டத்துக்குள் கூடைகளைச் சுவரோரம் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு நின்றார்கள். முந்தின நாள்வரை எல்லாருக்கும் முன்னால் மேடேறிக் கொழுந்து பறித்த செல்லம்மா, கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் கிளை ஒன்றை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, கால்ல அடியா?"

"இல்லீங்க ஐயா. வயசாகிருச்சுல்ல."

"நேத்து ஆகலையே?"

"நேத்து தெரியலீங்க. இன்னைக்குத் தாள்ல போட்டிருக்கே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாரியாயி கூப்புடுறா ஐயா. ஒரே கப்பல்ல வந்தவங்க நாங்க. அவ செத்துக் காரியம்கூட முடியல. எல்லாத்தையும் வரச் சொல்றா. மாட்டேன்னு சொல்ல ஏலுமா?"

"கிழவிங்களா, குந்துங்கடி, கால் வலிக்கப் போகுது" என்றார் பின்னால் ஒரு பெண். அது கேலிதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

2. ஒரே பிறந்த நாள்

மாரியாயியை எனக்குத் தெரியும். அந்த லயத்துப் பெண்கள் எல்லாரும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கையில் பிறப்புச் சான்று எதுவும் இல்லாமல் வந்தவர்கள். அன்றைய கணக்கப்பிள்ளை முகங்களைப் பார்த்தார், ஒரு தேதியை எழுதினார், எல்லாருக்கும் அதுவே பிறந்த நாள் என்றார். அவருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருக்கலாம்.

மாரியாயி மற்றவர்களைவிட மூத்தவர். அண்மையில்தான் இலங்கை ஹட்டனிலிருந்து அவருடைய பிறப்புச் சீட்டு வந்து சேர்ந்தது. வயதைத் திருத்தி ஓய்வு கேட்டார். மனு, சான்று, டாக்டர் கருத்து, மேனேஜர் உத்தரவு எல்லாம் முறைப்படி வாங்கி, கம்ப்யூட்டரில் திருத்தவும் வைத்தேன். ஓய்வு பெற்ற மறுவாரம் இறந்துபோனார்.

நோட்டீஸ் ஒட்டிய அன்று ஆபீஸுக்கு வந்ததும் செல்லம்மாவின் ரெக்கார்டைத் திறந்தேன். பிறந்த தேதி இருந்த இடத்தில் மாரியாயியின் புதிய தேதி. அடுத்த பெண்ணுக்கும் அதே. அதற்கடுத்தவருக்கும் அதே. எத்தனை பேரைத் திறந்தாலும் இறந்தவரின் தேதியே எட்டிப் பார்த்தது. பேய் என்றால் எனக்குப் பயமில்லை. மனுவும் உத்தரவும் இல்லாமல் திருத்தம் நடந்திருக்கிறதே, அதுதான் பயம்.

3. ஹரியின் சிக்கனம்

எங்கள் புரோகிராமைக் கோயம்புத்தூர் ஹரி பைத்தான் மொழியில் எழுதியிருந்தார். தகவல்கள், ஒவ்வொன்றையும் தனிப் பொருளாகச் சேமிக்கும் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸில் இருந்தன. அன்று அவர் மலையேறி வந்திருந்ததே ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது என்பதால்தான். அந்த டேட்டாபேஸ் எதையும் அழிக்காது. திருத்தினால் பழையது அடியில் அப்படியே கிடக்கும், புதியது மேலே சேரும். 'பேக்' என்ற கட்டளையை ஓட்டினால்தான் பழையவை ஒழிந்து இடம் கிடைக்கும். ஹரி அதை ஓட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க. தேதியை எப்படி வச்சிருக்கீங்க?"

"ஏனுங்க சார், நல்ல ஐடியாவாத்தான் வெச்சிருக்கனுங்க" என்றார் பெருமையோடு. "ரெடிமேட் டேட்-டைம் ஆப்ஜெக்ட் ரொம்பப் பெருசுங்க. நானே சின்னதா ஒரு கிளாஸ், அச்சு மாதிரிங்க, எழுதினேன். அப்பறம், ஒரே தேதிய எதுக்குங்க நூறு தடவ வெச்சுக்கோணும்? ஒண்ணே ஒண்ணு சேவ் பண்ணிட்டு, அந்தத் தேதிக்காரங்க எல்லாரையும் அதைப் பார்த்துக் கைகாட்ட வெச்சுட்டேன்."

"ஒருத்தர் தேதியைத் திருத்தினா?"

ஹரி கீபோர்டை இழுத்தார். டேட்டாபேஸை வேறொரு மெஷினில் காப்பி எடுத்து, அதில் மாரியாயியின் பிறந்த நாளை மட்டும் ஒரு நாள் தள்ளினார். மற்றவர்களைத் தொடவில்லை. பட்டியலை மறுபடி திறந்தார். பகலிலேயே விளக்குப் போட்டிருந்த அந்த அறையில், திரையில் மேட்டு லயம் முழுவதும் ஒரு நாள் நகர்ந்திருந்தது.

"அய்யோ" என்றார் ஹரி. "அந்தம்மா கையப் புடிச்சிட்டே எல்லாரும் வந்துட்டாங்க சார்."

செல்லம்மா சொன்னதும் இதுதான்.

4. எழுதிக் குடுங்க சார்

மேனேஜரிடம் போனோம். விலை விழுந்ததிலிருந்து ஆள் குறைக்கச் சொல்லித் தலைமை ஆபீஸ் அவரை அரித்துக்கொண்டிருந்தது. மனிதர் தூங்கிப் பல வாரங்கள் இருக்கும்.

"கம்ப்யூட்டர் லிஸ்ட் குடுத்தாச்சு, ஒட்டியாச்சு. அந்தப் பொம்பளைங்களே பேசாம இருக்காங்க. உங்களுக்கு ஏன்யா எரியுது? பேக்கை ஓட்டிட்டு வேலையப் பாருங்க."

ஓட்டினால் அவர்களுடைய பழைய தேதிக்குச் சாட்சியே இருக்காது. ரெஜிஸ்டர்கள் மழைக்கால ஈரத்தில் கட்டியாகி, உரிய அனுமதியோடு எரிக்கப்பட்டிருந்தன. பேக்கப் சி.டி.க்களில் பூஞ்சை பூத்திருந்தது. அந்தப் பெண்களின் உண்மையான வயதைக் கேட்டால், நோட்டீஸில் உள்ளதையே சொல்வார்கள்.

"தாராளமா ஓட்டலாம் சார். வயசு விஷயம் தகராறுல இருக்குன்னு நான் இப்பச் சொல்லிட்டேன். அதுக்கப்புறமும் பழைய ரெக்கார்டை அழிக்கச் சொல்லி எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்துப் போதும்."

மேனேஜர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். சன்னலுக்கு வெளியே சுவரோரம் அந்தப் பெண்கள் இன்னும் அசையாமல் உட்கார்ந்திருப்பது பனியில் மங்கலாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார்.

"ஒரு லயமே செத்த மாதிரி இருக்குய்யா. போய் அதைக் கிழிங்க."

5. ஆளுக்கொரு எண்

அடியில் கிடந்த பழைய நிலையிலிருந்து ஹரி தேதியை மீட்டார். பிறகு பொதுவான தேதி ஆப்ஜெக்டைக் கைகாட்டுவதை விட்டுவிட்டு, ஒரு தொடக்க நாளிலிருந்து எண்ணிய முழு எண்ணாக ஒவ்வொருவர் ரெக்கார்டுக்குள்ளும் எழுதினார். முழு எண் மிகக் குறைந்த இடத்தை அடைக்கும், வரிசைப்படுத்தவும் எளிது, திரையில் காட்டும்போது மட்டும் தேதியாக மாற்றிக்கொண்டால் போதும். சிக்கனம் என்று நினைத்துச் செய்ததைவிட இது சிக்கனமாக இருந்ததில் ஹரிக்குக் கொஞ்சம் வருத்தம்.

இளைய புரோகிராமர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மாறக்கூடிய ஒன்றை இரண்டு பேருக்குப் பொதுவாக வைக்காதீர்கள். மாற்ற முடியாத மதிப்பாக வையுங்கள், அல்லது ஆளுக்கொன்று கொடுங்கள். இடத்தை அப்புறம் மிச்சம் பிடிக்கலாம்.

நோட்டீஸைக் கிழித்துவிட்டுச் செல்லம்மாவிடம் சொன்னேன். "கம்ப்யூட்டர்ல தப்பும்மா. வயசு பழையபடிதான். கூடையை எடுங்க."

"அப்ப அவ எங்களக் கூப்புடலீங்களா?"

"இல்லம்மா. யாரும் கூப்பிடல."

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். தெளியவில்லை. "அப்ப ஒத்தையிலதான் போயிருக்கா" என்று சொல்லிவிட்டு, மெதுவாகக் கூடையை நிமிர்த்தினார்.

சாயங்காலம் பேக் ஓடியது. இறந்தவர்களின் ரெக்கார்டில் கை வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் மாரியாயியுடையதை நாங்கள் எண்ணாக மாற்றவில்லை. முடிந்ததும் பழைய தேதி ஆப்ஜெக்டை இன்னும் யார் கைகாட்டுகிறார்கள் என்று ஹரி தேடிப் பார்த்தார். திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது.