தீக்கு ஊதிய சங்கு

இன்னும் நடக்காத ஒன்றுக்காகச் சம்பளம் வாங்குவதுதான் என் உத்தியோகம். தீப்பிடிப்பதற்கு முன்னால் தீயைப் பற்றிப் பேச வேண்டும். பேசினால் யாரும் காது கொடுப்பதில்லை. பிடித்த பிறகு, ஏன் முன்னாலேயே பேசவில்லை என்று கேட்பார்கள். பிளேக் ஊசிக்காகவோ கக்கூஸ் தணிக்கைக்காகவோ ஊரார் வாசலில் போய் நின்று பேச்சு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கோலார் தங்கவயலில் சுகாதார போர்டில் நான் ஓவர்சியர். சுரங்கக் கூலிகளின் குடிசை வரிசைகளை அங்கே லைன் என்பார்கள். மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர்கள், பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து வண்டியில் வரும் புல்லில் கூரைகள். இரண்டு குடிசைகளுக்கு நடுவே ஒரு ஆள் உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் போக முடியும். முந்தின கோடையில் பக்கத்து லைன் ஒன்று, உலை கொதிக்கிற நேரத்திற்குள் எரிந்து முடிந்தது. சாயங்கால வேளையாக இருந்ததால் எல்லோரும் வெளியே இருந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த தடவையும் எல்லோரும் வெளியே இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மிச்சமிருந்த லைனில் ஒருவரும் சாகாமல் பார்த்துக்கொள்ள ஒரு திட்டம் வேண்டும் என்று போர்டு முடிவு செய்தது. அந்த வேலை என்னிடம் வந்தது. துணைக்குத் தபேதார் அந்தோணி, ஆரணிக்காரர், மாதா கோயில் பாட்டுக் கொயரில் பாடுகிறவர்.

சிவப்புப் பட்டைக் குடம்

முதல் ஏற்பாடு சுலபமானது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு குடம் தண்ணீர். மற்றக் குடங்களோடு கலந்துவிடாமல் இருக்க அதன் கழுத்தில் சிவப்புப் பட்டை. அந்தத் தண்ணீரைத் தீக்குத் தவிர வேறெதற்கும் தொடக்கூடாது. பேத்தமங்களா ஏரியிலிருந்து தண்ணீர்க் குழாய் வரப்போகிறது என்று பேச்சு மட்டும் இருந்த காலம் அது. வண்டித் தண்ணீருக்குப் பெண்கள் வரிசையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுவாரம் தணிக்கைக்குப் போனால் எல்லாக் குடங்களும் காலி. சிலவற்றில் கோழி அடை காத்தது. எனக்குக் கோபத்தைவிட அதிர்ச்சிதான். எரிந்த லைனின் சாம்பல் அங்கிருந்து பார்த்தாலே தெரியும். அதைக் காட்டி, இது விளையாட்டு இல்லை, உயிர் விஷயம் என்று நான் நீளமாகப் பேசினேன். முனியம்மா என்ற பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். முடித்ததும் பொறுமையாகச் சொன்னாள்:

"நெருப்பு வரும்போது வரட்டும் ஐயா, தாகம் இப்பவே வந்துட்டுதே, இன்னா பண்றது?"

வெளியே பூட்டு

ஒரு குடிசையில் எத்தனை பேர் என்று தெரியாமல் திட்டம் போட முடியாது. நடுப்பகலில் கணக்கெடுக்கப் போனோம். பல கதவுகளில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. டைனமைட் வரும் பெட்டிகளின் பலகையால் செய்த கதவுகள், அந்த மண்சுவர்களுக்குச் சம்பந்தமில்லாத கனம். ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டே போனேன். ஒரு பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து இருமல் சத்தம் வந்தது. அந்தோணி தட்டியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஒருவர் குறட்டை விடுகிறார் என்றார்.

அது முனியம்மாவின் வீடு. புருஷன் கண்ணப்பன் ராத்திரி ஷிப்டு. காலையில் வந்து கஞ்சி குடித்துவிட்டுப் படுப்பான், அவள் வெளியே பூட்டிவிடுவாள். திறந்து வைத்தால் பிள்ளைகள் நுழையும், கூட்டாளிகள் வந்து எழுப்பிச் சாராயக் கடைக்கு இழுத்துப் போவார்கள். ராத்திரி ஷிப்டுக்காரர்கள் வீடெல்லாம் அப்படித்தானாம். தூக்கம் கெட்டவன் சுரங்கத்துக்குள் போனால், ஆட்களை இறக்கும் கேஜ் என்ற கூண்டிலிருந்து இறங்கும்போது கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் வைப்பான்; அப்படிச் செத்தவனை அவளுக்குத் தெரியும். ஆகவே அந்தப் பூட்டு அவன் உயிருக்குக் காவல். நானோ வேண்டாத காட்சியெல்லாம் மனதில் பார்த்துக்கொண்டிருந்தேன். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தட்டிக் காண்பித்தாள்.

"பகலெல்லாம் இந்த வாசல்லதான் கீறேன், நான் எங்க போய்டப் போறேன்?"

ஒரு விதி

போர்டின் தலைவர் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர், எங்களுக்குத் துரை. நான் பூட்டைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மனிதர்களைப் பூட்டி வைப்பதா என்று இரண்டு தடவை கேட்டார். உடனே தடை செய்ய வேண்டும் என்றார். தடை செய்தால் பெண்கள் கேட்க மாட்டார்கள், பூட்டை நம் கண்ணில் படாமல் மறைத்துப் போடுவார்கள், அப்போது யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதே நமக்குத் தெரியாது என்று நான் சொன்னேன். அன்று பிற்பகல் முழுவதும் பேசி ஒரு விதி செய்தோம். பூட்டலாம். ஆனால் சாவி வைத்திருக்கிறவள் லைனைவிட்டுப் போகக்கூடாது. போகிறதானால் பூட்டைத் திறந்துவிட்டுப் போக வேண்டும்.

வாசல் வாசலாகப் போய்ச் சொன்னேன். இந்த ஒரு விதியைத்தான் அவர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்துக்கு மல்லுக்கு நின்றவர்கள் இதற்குத் தலையாட்டியது எனக்கே ஆச்சரியம். உண்மையில் அவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தார்கள். வெளியே வந்ததும் அந்தோணி சொன்னார்:

"அவங்க பண்றதையே சட்டமா போட்டீங்க, அதான் ஒத்துக்கினாங்க."

மணி கேட்கவில்லை

தீப்பிடித்தால் எல்லோரையும் கூப்பிட ஒரு சத்தம் வேண்டும். புளியமரத்தில் ஒரு மணி கட்டினோம். அந்தோணி முழுப் பலத்தோடு அடித்தார். கீழே நின்று பேன் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. கல்லை இடித்துத் தூளாக்கும் மில்லின் சத்தம் அங்கே ராப்பகலாக ஓயாது. அந்தச் சத்தத்தில் பேசி, அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிய காதுகள். மணி அடிக்கிறோம் என்று நாங்கள்தான் அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

துரை யோசித்து, சுரங்கத்துச் சங்கையே உபயோகிக்கலாம் என்றார். ஷிப்டு மாறும்போது பாய்லர் வீட்டில் நீராவியைத் திறந்து ஊதுகிற சங்கு. மில் சத்தத்துக்கு மேலே கேட்பது அது ஒன்றுதான். சுரங்கத்தார் சம்மதித்தார்கள். மேஸ்திரிகள் நல்ல யோசனை என்றார்கள். லைன் பெண்களிடம் கேட்டேன், அவர்களும் அதுதான் சரி என்றார்கள். ஷிப்டு நேரத்தில் ஒரே மூச்சாக ஊதினால் ஷிப்டு. வேறு நேரத்தில் விட்டு விட்டு ஊதினால் தீ, குடத்தோடு வர வேண்டும். திருப்பிச் சொல்லச் சொன்னேன், பிசகாமல் சொன்னார்கள். அந்தோணிக்குத் தன் மணி போனதில் வருத்தம் இருந்தாலும் ஒப்புக்கொண்டார்.

"இது ஊதுனா செத்தவங்கூட எழுந்து குடத்தோட வருவான் ஐயா."

ஒத்திகை

ஒத்திகைக்கு ஞாயிற்றுக்கிழமையைத் துரை தேர்ந்தெடுத்தார். அன்று குழிக்குள் யாரும் இறங்குவதில்லை, வேலை கெடாது. முதல்நாளே தமுக்குப் போட்டோம். நாளைக் காலை மாதா கோயில் பூசை முடிந்ததும் சங்கு ஊதும், யாரும் பயப்பட வேண்டாம், எல்லோரும் குடத்தோடு வந்து நிற்க வேண்டும்.

வந்தார்கள். தலைக்குக் குளித்து, பூ வைத்து, பெட்டியிலிருந்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். முறுக்கு விற்கிறவன் தானாகவே வந்து கடை போட்டான். சங்கு ஊதி அடங்குவதற்குள் சிவப்புப் பட்டைக் குடங்கள் கைமாறி லைன் முனைக்குப் போய்ச் சேர்ந்தன. ஆண்கள் நீளமான கொக்கிகளைப் பிடித்து, பழைய கூரை ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார்கள். துரை கைதட்டினார். நான் அந்த உத்தியோகத்தில் சந்தோஷமாக இருந்த நாள் அது. கூட்டம் கலையும்போது முனியம்மா, கண்ணப்பனையும் பகல் ஷிப்டில் குழிக்குப் போகிற தன் தம்பியையும் இரண்டு பக்கத்திலும் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கண்ணப்பன் கூச்சப்பட்டுப் பின்னால் நின்றான். பகல் வெளிச்சத்தில் அவனை அன்றுதான் பார்த்தேன்.

"நெஜ நெருப்புக்கும் மொதநாளே தமுக்குப் போட்டுடுங்க ஐயா, பூ வெச்சிக்கினு வந்துடறோம்."

வேலைநாள்

தீ ஒரு வேலைநாளில் வந்தது. மதியம், காற்று பலமாக அடித்தது. லைனின் மேற்கு முனையில் யாருடைய அடுப்பிலிருந்தோ கூரைக்கு ஏறியது. நான் அங்கேயே இருந்தேன், குடங்களைத் தணிக்கை செய்துகொண்டிருந்தேன். அந்த ஒரு நாள் எல்லாக் குடங்களிலும் தண்ணீர் இருந்தது. அந்தோணி பாய்லர் வீட்டுக்கு ஓடினார். சங்கு ஊதியது. விட்டு விட்டு, ஏற்பாடு செய்தபடியே.

எல்லா வாசல்களிலிருந்தும் பெண்கள் வெளியே வந்தார்கள். ஒரு கணம், திட்டம் நடக்கிறது என்று நினைத்தேன். பிறகு அவர்கள் கிழக்கே திரும்பினார்கள். தீ இருந்தது மேற்கே. கிழக்கே சுரங்கத்தின் வாய் இருந்தது. வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு, முடி அவிழ, மொத்த லைனும் குழியைப் பார்த்து ஓடியது.

ஷிப்டு நேரம் தவறிச் சங்கு ஊதினால் கீழே பாறை சரிந்துவிட்டது என்று அர்த்தம். எந்தச் சட்டத்திலும் அப்படி இல்லை. துரைக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, சுரங்கத்தாரும் மேஸ்திரிகளும் நினைத்துப் பார்க்கவில்லை, அந்தப் பெண்களே ஒருவரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அது அவர்களுடைய கால்களுக்குத்தான் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கீழே ஆள் இல்லாததால் கால்கள் சும்மா இருந்தன. நான் முனியம்மாவின் குறுக்கே போய் நின்று கைகளை விரித்தேன். நெருப்பு, நெருப்பு என்று கத்தி மேற்கே காட்டினேன். திரும்பிப் பார்த்தாள். புகையைப் பார்த்தாள், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். என்னைத் தள்ளிவிட்டு ஓடினாள். ஓடும்போது சொன்னது இவ்வளவுதான்:

"எந்தம்பி கீழ கீறான்."

வாசல்காவலன் சொன்னது

நிறைந்த குடங்கள் வாசல்களில் அப்படியே இருந்தன. தூக்க ஆள் இல்லை. கொக்கி பிடிக்க வேண்டியவர்கள் பாதிப்பேர் குழியில், பாதிப்பேர் பூட்டிய கதவுகளுக்கு உள்ளே. அந்தோணி திரும்பி வந்ததும் இருவருமாகக் கொக்கியைப் போட்டுத் தட்டிச் சுவர்களைப் பின்பக்கமாகப் பிடுங்கினோம். உள்ளேயிருந்து சத்தம் போட்டவர்கள் வீடுகளுக்குத்தான் முதலில் போனோம். வெளியே வந்தவர்கள் எங்களோடு சேர்ந்து அடுத்த சுவரைப் பிடுங்கினார்கள். கண்ணப்பனின் வீட்டிலிருந்து சத்தம் வரவில்லை. அங்கே போனபோது கூரை உள்ளே இறங்கியிருந்தது.

குழி வாசலில் நடந்ததை அந்தோணி பிற்பாடு விசாரித்து வந்து சொன்னார். வாசல்காவலன் குறுக்கே நின்று, கீழே ஒன்றும் ஆகவில்லை, எரிகிறது உங்கள் லைன்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். ஒருவரும் நம்பவில்லை. பாறை சரிந்து ஆட்கள் செத்த நாட்களிலும் அவன் கீழே ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறான், அப்படிச் சொல்லத்தான் அவனுக்கு உத்தரவு. கேஜ் மேலே வந்து தங்கள் ஆட்களைக் கண்ணால் பார்க்கும்வரை அவர்கள் நகரவில்லை. அவன் அந்தோணியிடம் கேட்டானாம்:

"இத்தினி வருசத்துல அன்னிக்குத்தான் நெசம் சொன்னேன், ஒருத்தி நம்புனாளா?"

கதவு

முனியம்மா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவன் கையை விடுவிக்கப் பார்த்தான், அவள் விடவில்லை. அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் இருந்தது.

சுவர்கள் போய்விட்டிருந்தன. அந்தப் பலகைக் கதவு மட்டும் கருகி, சட்டத்தில் பூட்டோடு நின்றது. பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு யாரும் உள்ளே போயிருக்கலாம். அவள் தம்பியின் கையை விட்டாள், இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டு சூடாக இருந்திருக்க வேண்டும், முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திறந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் எல்லோரும் இந்தப் பக்கமே நின்றோம். தம்பி கதவு வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டான். என்னைப் பார்த்துக் கேட்டான்:

"எனக்கு ஒண்ணுமே ஆகலியே ஐயா, இன்னாத்துக்கு வந்துச்சி எங்கக்கா?"

விசாரணை

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு துரை விசாரணை வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி கொண்டுவரச் சொன்னார், அவள் உட்காரவில்லை. சாவி வைத்திருக்கிறவள் லைனைவிட்டுப் போகக்கூடாது என்ற விதி தெரியுமா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். தெரியும் என்றாள். சங்கு தீக்குத்தான் என்று சொல்லியிருந்தோமே? சொன்னீர்கள் என்றாள். புகையைப் பார்த்தாயா? பார்த்தேன் என்றாள். பிறகு ஏன் போனாய் என்று துரை கேட்டார். அவர் கேட்டதில் கோபம் இல்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் என்னைப் பார்த்து, இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல நிதானமாகச் சொன்னாள். அவள் என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். அவள் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன்.

"அவரு மேல வூட்ல கீறாரு, தம்பி கீழ குழியில கீறான். குழியில கீறவனத்தான ஐயா போய்ப் பாக்கணும்?"

போர்டு அதன்பின் பூட்டைத் தடை செய்தது, சங்கைச் சுரங்கத்துக்கே திருப்பிக் கொடுத்தது. இப்போதும் மேலிடத்திலிருந்து யாராவது வந்து முன்னேற்பாடெல்லாம் தயாரா என்று கேட்டால், தயார்தான், ஜனங்கள் மட்டும் வேறொரு ஆபத்துக்குத் தயாராக இருக்கிறார்கள் என்று சொல்ல வாய் வரை வந்துவிடுகிறது.