ஏழு வெள்ளை நூல்

அவர் கைகள் தீயணைக்கும் சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்திருந்தன. காது அதன் வயிற்றோடு ஒட்டியிருந்தது. உள்ளே தூள் மணல் சரிவதுபோல இறங்கும் சத்தம் கேட்டால் அது நல்ல சிலிண்டர். கேட்காவிட்டால் தூள் அடியில் கட்டிதட்டிப் போயிருக்கிறது. தீப்பிடித்த நேரத்தில் பிடியை அழுத்தினால் வெறும் காற்றுதான் வரும்.

இதில் கேட்கவில்லை. ஓரமாக வைத்தார். அது பதினோராவது.

தீயணைக்கும் சிலிண்டர்களுக்குத் தூள் நிரப்பும் அந்தக் கடையில் அவருக்கு முப்பத்தொரு வருடம். 'காது' என்றால்தான் அவரைத் தெரியும். சுமை தூக்க வந்தவர். பார்த்தும் பிரித்தும் தூளை மூக்கடைக்க உறிஞ்சியும் வேலையைத் தானாகக் கற்றுக்கொண்டார். நான்காம் வருடம் ஒரு கிடங்கில் டயரைக் கொளுத்திச் செய்துகாட்டச் சொன்னார்கள். அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நின்ற சிலிண்டர் 'உஸ்' என்றதோடு சரி. டயர் பாட்டுக்கு எரிந்தது. கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, அது அவர் நிரப்பியது. அன்றிலிருந்து காதில் வைத்துக் கேட்காமல் ஒன்றுக்கும் சோதனைச் சீட்டு ஒட்டியதில்லை. வீட்டில் பவுடர் டப்பாவைக்கூடக் கவிழ்த்துக் கேட்டுவிட்டுத்தான் பூசுகிறார் என்று மனைவி கேலி செய்வாள்.

அன்று வந்தவை முப்பது சிலிண்டர்கள். நான்கு தெரு தள்ளியிருந்த தையல் ஹாலுடையவை. மாலை நான்கு மணிக்குத் துணி வாங்கும் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வருகிறார்கள். மூன்றுக்குள் எல்லாம் சுவரில் தொங்க வேண்டும். அவருடைய தங்கை மகளுக்கும் அங்கேதான் வேலை, தைத்த சட்டைகளில் பிசிறு வெட்டுவது.

முதலாளி சீட்டுச் சுருளோடு வந்தார். காது சேர்ந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர். சீட்டில் தேதி காலையிலேயே அச்சாகியிருந்தது. பக்கத்தில் இருந்த க்யூஆர் கட்டத்தைப் போனில் காட்டினால் 'சோதிக்கப்பட்டது' என்று வரும்.

"இன்னும் முடியலையா அண்ணே?"

"பதினொண்ணு கட்டியாக் கிடக்கு. கொட்டிச் சுத்தம் பண்ணிப் புதுசு போடணும். நாளைக்கு மதியம் ஆயிடும்."

"முள்ளு எங்க நிக்குது?"

"பச்சையிலதான்."

"அப்புறம் என்ன? வர்றவங்க முள்ளைப் பாப்பாங்க, சீட்டைப் பாப்பாங்க. காதை வச்சா கேக்கப் போறாங்க? அந்தக் காது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

"தீப்பிடிச்சா?"

"இத்தனை வருஷமா பிடிக்கல, இன்னைக்குத்தான் பிடிக்கப் போகுதா?"

முதலாளி நகர்ந்ததும் தங்கை மகள் போனில் கூப்பிட்டாள். "மாமா, சிலிண்டர் வந்துடும்ல? இன்னைக்குப் பாஸாகலைன்னா ஆர்டரே போயிடுமாம். சூப்பர்வைசரம்மா மூஞ்சியைப் பாக்கணுமே, பிழிஞ்சு காயப்போட்ட துணி மாதிரி இருக்கு."

"வந்துடும்மா."

சொன்ன பிறகுதான், தான் முடிவெடுத்துவிட்டது அவருக்கே தெரிந்தது.

இரண்டு மணிக்குள் நான்கில் தூள் மாற்றினார். ஏழு மிஞ்சியது. முதல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஏழாவதை ஒட்ட ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஏழின் எண்களையும் குறித்துவைக்கலாம் என்று நினைத்தார். எழுதினால் அது யார் கையிலாவது கிடைக்கும். கிடைத்தால் கேள்வி வரும். தூள் மூட்டையின் வாயைத் தைத்திருந்த வெள்ளை நூலை உருவி, ஏழு துண்டாக்கி, ஏழின் கைப்பிடியிலும் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஹால் மூடியிருக்கும். காவலாளியிடம் சொல்லி உள்ளே போய், நூலைப் பார்த்து மாற்றிவிடலாம். நடுவில் மூன்று நாள்தான். இது பொய்யில்லை, தாமதம் என்று சொல்லிக்கொண்டார்.

ஹாலின் ஆட்களே சிலிண்டர்களைச் சடசடவென்று மாட்டினார்கள். ஒன்றை மட்டும் அவரே எடுத்துப் போனார். நல்ல சிலிண்டர் அது. தங்கை மகளின் மேசைக்குப் பின்சுவரில் மாட்டினார். இருநூறு பேர் தலைகுனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் இடத்தை மாற்றவில்லை.

சூப்பர்வைசரம்மாவின் அறையில் உட்கார்ந்து சோதனைத் தாளை நிரப்பினார். 'முப்பதும் நேரில் சோதிக்கப்பட்டன.' அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. வெளியே வந்தபோது தங்கை மகள் கையில் சின்னக் கத்தரியோடு ஓடிவந்தாள்.

"மாமா, நல்லவேளை நான் பாத்தேன்! கைப்பிடியில எல்லாம் நூல் தொங்கிட்டு இருந்துச்சு. ஒத்தப் பிசிறுக்கு ஒரு பெட்டிச் சட்டையைத் திருப்பி அனுப்புறவங்க, இதை விடுவாங்களா? ஹாலையே சுத்தி வந்து வெட்டிட்டேன்."

உள்ளங்கையை விரித்தாள். எண்ணிப் பார்த்தார். ஏழு.

"எது எதுலம்மா இருந்துச்சு?"

"நல்லா கேட்டீங்க போங்க. ஒரு நாளைக்கு ஆயிரம் பிசிறு வெட்டுறேன். எந்தச் சட்டையில வெட்டினேன்னு ஞாபகம் வச்சா வேலை ஓடுமா?"

பக்கத்துச் சுவரிலிருந்த சிலிண்டரை இரு கைகளாலும் பிடித்தார். இறக்கிக் கவிழ்த்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

"அண்ணே, அதைத் தொடாதீங்க!" சூப்பர்வைசரம்மா ஓடிவந்தாள். "படியேறிட்டாங்க."

"ஞாயித்துக்கிழமை வந்து ஒருதடவை பாத்துட்டுப் போறேம்மா."

"ஞாயித்துக்கிழமை சிலிண்டரெல்லாம் இங்க எங்க இருக்கும்? நாளைக்கு அடுத்த யூனிட்ல இதே சோதனை. ராத்திரியே எல்லாம் அங்க போகுது. அப்புறம் அதுக்கடுத்தது. ஊரெல்லாம் சுத்தி என்னைக்குத் திரும்புமோ, எத்தனை திரும்புமோ. நீங்க தாளைக் குடுங்க."

தங்கை மகளின் பின்சுவரைப் பார்த்தார். நாளைக் காலை அங்கே ஆணி மட்டும்தான் இருக்கும்.

சொல்லிவிடலாம். ஏழு சரியில்லை என்று ஒரே வரி. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. தங்கை மகள் நூல்களைக் காலடிக் கூடையில் உதறினாள். அன்றைய பிசிறுகளோடு அவை கலந்துபோயின.

"பாஸாயிடும்ல மாமா?"

"ஆயிடும்மா."

சூப்பர்வைசரம்மா கையை நீட்டினாள். அவர் தாளைக் கொடுத்தார்.