கவிழ்ந்தால் நிமிரும் கார்

காசு போட்டு ஓட்டும் கார்ப் பந்தய இயந்திரம் வைத்திருப்பவளிடம் பொறுமையைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் எதிர்பார்க்கலாம். கடை என்று ஒன்றைத் திறந்துவிட்டு வாடிக்கையாளர்களிடம் வதைபடும் சக ஜீவன்களுக்கு மட்டுமே இதை எழுதுகிறேன்.

சேறு

ஆரம்பாக்கத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே என் கடை. உள்ளே இரண்டு இயந்திரங்கள். ஒன்று பழைய ராலி பந்தயம்: கட்டம் கட்டமான மரங்கள், சாயம் கொட்டினாற்போன்ற வானம், புழுதி பறக்கும் மலைப்பாதை, மூன்றே நிமிட ஓட்டம். மற்றது நான் ஆசைப்பட்டு வாங்கிய புதியது. அதில் கண்ணாடியில் மழைத்துளி வழியும். சக்கரத்தில் சேறு ஒட்டும். பழையதற்கு வரிசை நிற்கிறது. புதியதில் ஈ உட்காருகிறது. மீன் வியாபாரி ரோசி அக்காவிடம் காரணம் கேட்டேன்.

"புதுசுல சேறு அப்டியே சேறு மாதிரியே கீதுமா. அத்தப் பாக்க இன்னாத்துக்குக் காசு? நாள் பூரா அதுலதானே நிக்கிறேன்!"

இடமும் வலமும்

சுண்ணாம்புக்குளத்து மீனவர் முனுசாமி அண்ணனின் படகு சென்ற மழைக்காலத்தில் ஏரியில் கவிழ்ந்தது. இன்ஜினும் வலையும் போயின. ரோசி அக்கா மீன் ஏற்றக் குட்டியானை வண்டி ஒன்று வாங்கப்போகிறார். வண்டி வருவதற்குள் உரிமம் எடுத்தால் ஓட்டுநர் வேலை முனுசாமி அண்ணனுக்கு, இல்லையென்றால் வேறொருவருக்கு. முதல் தேர்வில் தோற்றுவிட்டு, பழகுவதற்கு என் கடைக்கு வந்தார்.

முதல் வளைவிலேயே மரத்தில் மோதினார். இரண்டாவதிலும் மோதினார். படகில் பின்னால் உட்கார்ந்து இன்ஜின் கைப்பிடியை இடப்புறம் தள்ளினால் படகு வலப்புறம் போகும். இருபது வருடப் பழக்கம் அவர் தோளில் உட்கார்ந்திருந்தது. இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்ற நான் படம் வரைந்து விளக்கினேன். மூன்று தாள்கள் தீர்ந்தன. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அதே மரத்தில் போய் மோதினார்.

"நான் கரெக்டாத்தாம்மா திருப்புனேன். உன் காருதான் தப்பாப் போவுது."

பாடு

ஏரியில் எந்த இடத்தில் யார், என்றைக்கு வலை விடுவது என்று மீனவர்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நான் அச்சடித்து வைத்திருந்த டோக்கன்களைக் குப்பையில் போட்டுவிட்டு, என் இயந்திரத்துக்கும் பாடு வைத்தார்கள், என்னைக் கேட்காமலே. மறுதேர்வுக்கு முந்தைய நாள் முனுசாமி அண்ணனுக்கு முறை இல்லை. "இயந்திரம் என்னுடையது, அவரை உட்காரவிடுங்கள்" என்றேன். ஒருவர்கூட அசையவில்லை. சீட்டு சீட்டுதானாம்.

அன்றைய முறை ஏழுமலைக்கு. வலைத் தகராறில் ஆறு மாதமாக முனுசாமி அண்ணனோடு பேச்சில்லாதவர். அவர் இருக்கையைக் காலால் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"என் பாட்ட எடுத்துக்கோ. ஏரில மட்டும் கேட்டுடாத."

தேர்வுத் திடல்

மறுநாள் கடையில் ஆளில்லை. அத்தனை பேரும் தேர்வு பார்க்கப் பொன்னேரி ரயில் ஏறிவிட்டார்கள். வேறு வழியின்றி நானும் பூட்டிவிட்டுப் போனேன். முனுசாமி அண்ணன் இடது என்றால் இடது, வலது என்றால் வலது, பிசகாமல் திருப்பினார். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பை மொத்தமாகச் சாய்த்து, புழுதி கிளப்பி, கடைசிக் கோட்டைத் தாண்டியதும் இரு கைகளையும் தூக்கினார். ஏழுமலை விசிலடித்தார். அதிகாரி நெடுநேரம் தாளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

"பாஸ்தான், போய்யா. உனக்கு வண்டி கத்துக்குடுத்த புண்ணியவான் யாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

பள்ளம்

ரோசி அக்காவின் வண்டி வந்தது. அதை வாசலில் ஒழுங்காக நிறுத்திவிட்டு உள்ளே வந்த முனுசாமி அண்ணன், பழைய இயந்திரத்தில் உட்கார்ந்து, முதல் வளைவில் வேண்டுமென்றே காரைப் பள்ளத்தில் விட்டார். கார் உருண்டது, கவிழ்ந்தது, தானாக நிமிர்ந்து ஓடியது. மறுபடி விட்டார். உரிமம் வாங்கிய மனிதர் செய்கிற காரியமா இது என்று கத்தினேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"ரோட்டுல கவுந்தா வேல போச்சு. ஏரில கவுந்தேன், எல்லாமே போச்சு. இங்க பாரும்மா, அதுவா எழுந்து நிக்குது! இதுக்குத்தான் வரேன்."

ஆகவே, மழைத்துளியும் சேறும் தத்ரூபமாகக் காட்டும் என் புதிய இயந்திரம், அண்ணன் பழையதில் கவிழ்ந்து எழும் வரை அவருடைய மீன்கூடையைப் பத்திரமாகத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.