அம்மன் பேர்ல நான் சொன்ன வாக்கு

அன்னைக்கு எம்மேல அம்மன் வரல. நான்தான் ஆடுனேன். நான்தான் பேசுனேன்.

சொல்லிட்டேன். ஒரு வருசமா பெத்த மவன்கிட்டகூடச் சொல்ல முடியாம, முகந்தெரியாத ஒங்ககிட்டச் சொல்லுதேன். சிரிக்காதிய... இல்ல, சிரிச்சாச் சிரிங்க. நான் வாயத் தொறந்தா ஊரே சிரிக்கும். அதுதானே வினையாப் போச்சு.

எம் பேத்தி கோமதி. தென்காசியில வீடு, குத்தாலத்துல காலேஜு, பி.எஸ்.சி ரெண்டாம் வருசம். படிச்சது விலங்குப் பாடம், நெனப்பெல்லாம் பல்லு. பல் டாக்டருக்குப் படிக்கணும், அதுக்கு நீட்டு எழுதணும்னு வீட்டுக்கு வந்ததும் பொஸ்தகமும் கையுமா உக்காந்துருவா. சாக்பீஸை பிளேடால சீவிக் கடவாப்பல்லு செய்வா. ஆளு அம்புட்டா வாயத் தொறக்கச் சொல்லி செல்லுல லைட்டடிப்பா. "ஏட்டி, எனக்கு இருக்கதே பதினோரு பல்லு. நீ படிச்சு முடிக்கதுக்குள்ள அதுவும் கொட்டிரும்"னு வம்பிழுப்பேன்.

அப்பதான் எம் மவன் அவளுக்கு மாப்பிள்ளை பாத்தான். மவன் போலீஸ்ல ஏட்டு. மாப்பிள்ளை பட்டாளத்துக்காரன், கட்டுனா வடக்க கூட்டிட்டுப் போயிருவான். பிள்ளை அழுதா. நான் சொல்லியும் மவன் கேக்கல. பெத்தவ சொன்னாக் கேக்க மாட்டான், அம்மன் சொன்னாக் கேப்பான்... அது எனக்குத் தெரியும்.

சாமியாடி மாதிரி ஆடிக்காட்டி வீட்டைச் சிரிக்க வைக்கது எனக்குப் பழக்கந்தான். போன வருசம் அம்மன் கோயில் கொடையில, மதியப் பூசைக்கு மேளம் உச்சத்துல நிக்கும்போது கொண்டைய அவுத்துவிட்டேன். வேப்பிலையக் கடிச்சேன். மவன் தலைமுடியக் கொத்தாப் பிடிச்சு, "எம் பிள்ளைய எவனுக்குலே கட்டிக் குடுக்கப் போற? அவ பல்லு வைத்தியம் படிப்பா. அடுத்த கொடைக்கு முன்ன சீட்டு அவ கையில இருக்கும்"னேன்.

காலுல விழுந்தான். நான் பெத்தவன், எங் காலுல! துண்ணூறு பூசிவிட்டேன். உள்ளுக்குள்ள எனக்குச் சிரிப்பு.

யாருக்காகச் செஞ்சேன்? அவ படிப்புக்கா? இல்ல, அவ போயிட்டா எனக்குப் பேச்சுத்தொணைக்கு ஆளில்லன்னா? இன்னைக்கு வரைக்கும் தெரியல.

கல்யாணம் நின்னுது. ஆனா அதோட நிக்கல. மறுவாரமே கோமதி காலேஜுல டி.சி வாங்கிட்டு வந்துட்டா. அம்மனே சொன்ன பெறவு பி.எஸ்.சி எதுக்குன்னா. உண்மையச் சொன்னனா? இல்ல.

பரீச்சை எழுதுனா. மார்க்கு பத்தல. சீட்டு கெடைக்கல.

அம்மனைக் குத்தம் சொல்லலாம்லா? சொல்லல. வாக்கு பலிக்காமப் போக நான் என்ன தப்புப் பண்ணேன்னு தன்னையே போட்டுக் கொல்லுதா. ஒருவேளைச் சோறு. வெறுந்தரையில படுக்கா. எனக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும்லா? பொஸ்தகத்துல காலையில விரிச்சு வச்ச அதே தாடை எலும்புப் படந்தான் மத்தியானமும் இருக்கு. பக்கம் திரும்பல.

போன மாசம் பொறுக்கமாட்டாமச் சொல்லிட்டேன். "ஏட்டி, அன்னைக்கு வந்தது அம்மன் இல்லட்டி. நான்தான் நடிச்சேன்."

மொதல்ல சிரிச்சா. பெறவு முகம் வெளிறிப் போச்சு. கன்னத்துல போட்டுக்கிட்டா. "சாமியில வெளாடாதிய ஆச்சி. இப்படிப் பேசித்தான் சீட்டைக் கெடுத்திருக்கிய."

மறுநாள்லருந்து செவ்வாயும் வெள்ளியும் அந்த ஒருவேளைச் சோறும் கிடையாது. எம் பாவத்துக்கும் சேத்து அவ பட்டினி.

மவன்கிட்டச் சொல்ல வேண்டியதானேன்னு கேப்பிய. அவன் நம்பிருவானே... அதுதான் பயம்! எங் காலுல விழுந்தவன் பெறவு எம் மூஞ்சில முழிப்பானா?

நாளைக்கழிச்சு கொடை. மவன் எனக்குச் சாமியாட மஞ்சச் சீலை எடுத்துட்டு வந்திருக்கான். கோமதி அதை மடியில வச்சுத் தடவிக்கிட்டே சொன்னா: "இந்தவாட்டி என்ன குத்தம்னு அம்மன்கிட்டயே கேக்கப்போறேன் ஆச்சி. என்ன சொன்னாலும் செஞ்சிருவேன்."

என்ன சொன்னாலும்... அந்தக் குரல்ல அழுகையும் இல்ல, கோவமும் இல்ல.

நான் ஆடாம நின்னா, அம்மன் கைவிட்டுட்டான்னு நெனச்சு என்ன செய்வாளோ. உண்மையச் சொன்னேன், பட்டினி கெடந்தா. இனி அவளைச் சோறு திங்க வைக்க எங்கிட்ட மிச்சம் இருக்கது இன்னொரு பொய்தான்.

கொடையன்னைக்குக் கட்டிக்கிட சீலைய மடிச்சு வச்சிருக்கேன். அம்மன் இதையும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பா.